திட்டம் இருந்தால் மட்டும் போதுமா?

நீரே உயிர்களுக்கு ஆதாரம் என்பதைச் சிறு குழந்தையும் அறியும். வள்ளுவப் பெருந்தகை கடவுள் வாழ்த்துக்கு அடுத்தபடியாகவே வான் சிறப்பை வைத்தார். நம் ஆண்டவர் யாக்கோபின் கிணற்றருகே களைத்து அமர்ந்து, சமாரியப் பெண்ணிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார். தாகத்தோடு வருபவர்க்குத் தண்ணீர் கொடுப்பது அறம் என்று மறைக்கல்வி வகுப்பில் கற்றிருக்கிறோம். ஆனால் கொடுக்கும் தண்ணீரே நோயையும் சேர்த்துக் கொடுக்குமானால் அது அறமாகுமா? இந்தக் கேள்வியே இக்கட்டுரையை எழுத எங்களைத் தூண்டியது.

முன்பெல்லாம் குழாயில் வரும் தண்ணீரைப் பிடித்துச் சோதனைச் சாலைக்கு அனுப்பிவிட்டு, முடிவு வரும் வரை காத்திருப்பார்கள். கிருமிகள் உண்டா என்று அறிய ஒரு நாளேனும் ஆகும். அதற்குள் அந்தத் தண்ணீரை ஊரே குடித்து முடித்திருக்கும். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் அல்லவா? அதனால்தான் 2004ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம், குடிநீர்ப் பாதுகாப்புத் திட்டம் என்னும் முறையைப் பரிந்துரைத்தது. ஊற்று முதல் உதடு வரை தண்ணீர் வரும் வழியெல்லாம் எங்கெங்கே ஆபத்து உண்டு என்று முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பது, அதைத் தடுப்பது, தடுப்பு சரியாக நடக்கிறதா என்று நாள்தோறும் கவனிப்பது ஆகியவை இதன் சாரம்.

இம்முறை பயன் தருகிறதா? தருகிறது என்பதற்கு ஐஸ்லாந்து நாடு சான்று. அங்கே 1995ஆம் ஆண்டிலேயே குடிநீரையும் உணவாகக் கருதி, இத்தகைய காவல் முறையைச் சட்டமாக்கினார்கள். பின்னர் ஆராய்ந்தபோது, திட்டத்தைக் கையாண்ட ஊர்களில் தண்ணீரின் தூய்மை உயர்ந்திருந்தது, வயிற்றுப்போக்கும் குறைந்திருந்தது. 2012இல் வெளிவந்த ஆய்வு இதைக் கூறுகிறது.

ஆனால் காகிதத்தில் எழுதுவது வேறு, கடமையாகச் செய்வது வேறு. கனடா நாட்டில் வாக்கர்ட்டன் என்றொரு சிற்றூர். 2000ஆம் ஆண்டு மே மாதம் அங்கே பெருமழை பெய்தது. வயலில் இட்டிருந்த மாட்டுச் சாணத்திலிருந்த கிருமிகள் மழைநீரோடு ஆழமில்லாத ஒரு கிணற்றில் கலந்தன. ஏழு பேர் இறந்தார்கள். 2,300 பேர் நோயுற்றார்கள். அவ்வூரில் குளோரின் இல்லாமல் இல்லை. அதன் அளவைக் குறிக்கும் பதிவேடும் இல்லாமல் இல்லை. ஆனால் அளந்து பார்க்காமலேயே ஏதோ ஓர் எண்ணைப் பதிவேட்டில் எழுதி வந்தார்கள் என்று விசாரணையில் தெரிய வந்தது. பொய் சொன்ன பதிவேடு ஏழு உயிர்களைக் காக்கத் தவறியது.

இதைப் படித்தபோது நாங்கள் தலை குனிந்தோம். ஏனெனில் அதே குற்றத்தை நாங்களும் செய்திருக்கிறோம்.

சென்ற ஜூன் மாதம் எங்கள் அறிவியல் மன்றம் பள்ளிக்கென ஒரு குடிநீர்த் திட்டம் வகுத்தது. தரைத்தொட்டி, மேல்நிலைத் தொட்டி, குழாய்கள், விடுதிப் பானைகள் எல்லாவற்றையும் வண்ணப் படமாக வரைந்து தண்ணீர்க் குழாயருகே மாட்டினோம். தொட்டி மூடியிருக்கிறதா, குளோரின் இருக்கிறதா என்று பத்தாம் வகுப்பு மாணவியர் முறை வைத்துப் பார்த்துப் பதிவேட்டில் சரிக்குறி இட வேண்டும். வந்தவர்கள் எல்லாரும் படத்தைப் பார்த்துப் பாராட்டினார்கள். எங்களுக்கும் பெருமைதான்.

நவம்பரில் அடைமழை. விடுதியில் ஒன்பது தங்கையர் வாந்தியாலும் வயிற்றுப்போக்காலும் வாடினர். ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்தியை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. தண்ணீர்தான் காரணம் என்று மருத்துவர் அறுதியிட்டுக் கூறவில்லை. ஆனால் மேல்நிலைத் தொட்டியின் மூடி விலகிக் கிடந்தது. உள்ளே புறாவின் இறகுகள் மிதந்தன. கிருமி இருந்தால் கறுத்துவிடும் சோதனைக் குப்பியில் அத்தண்ணீரை ஊற்றி வைத்தோம். மறுநாள் அது மை போலக் கறுத்திருந்தது.

அன்று மாலை விடுதிப் பொறுப்பாளர் சிஸ்டர் பதிவேட்டுடன் எங்கள் வகுப்புக்கு வந்தார்கள். எல்லா நாளும் சரிக்குறி! தீபாவளி விடுமுறையில் பள்ளி பூட்டியிருந்த நாள்களிலும் சரிக்குறி! "இந்த நாள்களில் தொட்டியை யார் பார்த்தது, பிள்ளைகளே?" என்று மட்டும் கேட்டார்கள். எவரும் வாய் திறக்கவில்லை. வாரக் கடைசியில் மொத்தமாகக் குறியிட்டுவிடுவது எங்கள் வழக்கமாகிவிட்டிருந்தது. திட்டினால்கூடத் தாங்கியிருப்போம், சிஸ்டரின் மௌனத்தைத்தான் தாங்க முடியவில்லை.

அதன் பின் முறையை மாற்றினோம். சரிக்குறியை அடியோடு நீக்கினோம். குழாயில் எஞ்சியிருக்கும் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையக்கூடாது என்பது நம் நாட்டின் தர விதி. சோதனைக் குழாயில் தோன்றும் இளஞ்சிவப்பு நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு, கண்ட அளவை எண்ணால் எழுதினோம். பார்க்காத நாளில் "பார்க்கவில்லை" என்று வெட்கப்படாமல் எழுதினோம். நாங்கள் எழுதுவதை ஒன்பதாம் வகுப்பார் வாரம் ஒருமுறை திடீரென்று வந்து சோதித்தார்கள்.

விளைவு என்ன? ஜூன் முதல் நவம்பர் வரை பழைய பதிவேட்டில் ஒரு குறைகூட இல்லை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை புதிய பதிவேட்டில் பதினொரு குறைகள். ஏழு முறை குளோரின் குறைவு, இருமுறை மூடி விலகல், இருமுறை குழாய்க் கசிவு. மேலோட்டமாகப் பார்த்தால் முன்பு நன்றாக இருந்தது, இப்போது கெட்டுவிட்டது என்று தோன்றும். உண்மை அதற்கு நேர்மாறு. அந்தப் பதினொரு குறைகளும் அன்றன்றே சரிசெய்யப்பட்டன.

ஆகவே எங்கள் கருத்து இதுதான். ஒரு குடிநீர்த் திட்டம் நன்றாக நடக்கிறதா என்று அறிய அதன் படத்தையோ பக்கங்களின் எண்ணிக்கையையோ பார்க்கக் கூடாது. அது எத்தனை குறைகளைக் கண்டுபிடித்தது, எவ்வளவு விரைவில் தீர்த்தது என்று பார்க்க வேண்டும். குறையே இல்லாத பதிவேட்டைக் கண்டால் மகிழாதீர்கள், சந்தேகப்படுங்கள். வேலை செய்பவரே அதற்கு மதிப்பெண்ணும் இட்டுக்கொள்ளலாகாது. வேறொருவர் வந்து பார்க்க வேண்டும். குறையைச் சொன்னவளைக் கடிந்துகொள்ளாதிருப்பதும் அவசியம். கடிந்தால் அடுத்த முறை அவள் சரிக்குறியே இடுவாள்.

அன்பார்ந்த பெற்றோர்களே, பள்ளியில் காத்த தண்ணீர் வீட்டில் கெடலாம். பானைக்குள் கைவிட்டு மொள்ளாமல் நீண்ட பிடியுள்ள அகப்பையால் மொள்ளுங்கள். தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினோம் என்று நினைத்துப் பாருங்கள். நினைவில்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான்!

கானாவூர்த் திருமணத்தில் பணியாளர்கள் கல்தொட்டிகளை விளிம்பு மட்டும் நிரப்பினார்கள். புதுமை செய்தவர் ஆண்டவர். ஆனால் தண்ணீர் சுமந்தவர்கள் சொன்னதை அரைகுறையாகச் செய்யவில்லை. மருத்துவமனையிலிருந்து திரும்பிய அந்தத் தங்கை இன்றும் அதே குழாயில்தான் தண்ணீர் பிடிக்கிறாள், நம்மை நம்பி. அந்த நம்பிக்கைக்கு உரியவர்களாக நம் கடமையை உண்மையோடு செய்வோம்!