டாஷ்கேம் எதைப் பூட்டி வைக்கிறது?

வெஸ்ட்மீட், வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில், டூங்காபி பக்கம் வசிக்கிற நம்மவர்களின் கார்களில் இப்போது அடிக்கடி கண்ணில் படுகிற ஒரு பொருள், முன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் சின்னக் கறுப்புக் கமரா. ஏன் வாங்கினீர்கள் என்று கேட்டால் பதில் அநேகமாக ஒன்றுதான்: "இடிச்சவன் இறங்கி வந்து, நீதான் இடிச்சனி எண்டு சொன்னால் என்ன செய்யிறது?"

இந்தப் பயம் நியாயமானது. புதிதாக வந்த ஒருவருக்கு நடுரோட்டில் நின்று ஆங்கிலத்தில் வாதாடுவது லேசான காரியமில்லை. பதற்றத்தில் தமிழே வராது. அந்த நேரத்தில் நமக்காகப் பேச ஒரு சாட்சி காருக்குள் இருப்பது பெரிய ஆறுதல். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அந்தச் சாட்சி வாரம் முழுக்க எதைப் பார்க்கிறது? வேலைக்குப் போகிற எம்4, பிள்ளையின் டியூஷன், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி, மேஸ் ஹில் முருகன் கோயில் கார் பார்க், மீண்டும் எம்4. ஊரிலிருந்து அம்மா அப்பா வந்தால் ஒரே ஒரு நாள் கட்டூம்பா. மூன்று சகோதரிகள் பாறைக்கு முன்னால் ஒரு படம், கையில் கொண்டுபோன புளிச்சாதம், இருட்ட முன் வீடு. அதற்குப் பிறகு அவர்கள் விசா முடியும்வரை யூனிட்டின் பல்கனியில் நின்று கீழே போகிற கார்களை எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

பெருந்தெருவை விட்டு இறங்கி, கிராமத்துப் பாதைகளில் ஓடிப் பார்க்க வேண்டும் என்பதே இந்தப் பத்தியின் வேண்டுகோள். அதற்குத் தூரம் போகத் தேவையில்லை. காசில் ஹில்லிலிருந்து ஓல்ட் நார்தர்ன் ரோட்டைப் பிடித்தால் டூரல், கிளெனோரி, மரூட்டா என்று வீடுகள் குறைந்து, தோட்டங்கள் வந்து, கடைசியில் வளைந்து வளைந்து இறங்கி ஹாக்ஸ்பெரி ஆற்றங்கரையில் வைஸ்மன்ஸ் ஃபெரியில் போய் நிற்கலாம். டாருக் மக்கள் அந்த ஆற்றை டியராபின் என்கிறார்கள். அங்கே பாலம் இல்லை. இரும்பு வடத்தில் இழுபடும் மிதவைப் படகில் காரோடு ஏறி அக்கரை போகலாம், காசு இல்லை. 1827இல் தொடங்கிய படகுத்துறை அது. அக்கரையில் ஏறுகிற பழைய கிரேட் நார்த் ரோட், 1826க்கும் 1836க்கும் இடையில் சங்கிலி பூட்டிய கைதிகளும் சேர்ந்து கல் உடைத்துப் போட்ட பாதை. அதன் ஒரு பகுதி 2010 முதல் உலக மரபுச் சின்னம்.

இன்னொரு பக்கம் போனால் பெல்ஸ் லைன் ஆஃப் ரோட். ரிச்மண்டைத் தாண்டி, குரஜொங் மலையேறி, ஆப்பிள் விளைகிற பில்பின் வழியாக லித்கோ வரை போகிறது. 1823இல் ஆர்ச்சிபால்ட் பெல் என்ற இளைஞர் 'கண்டுபிடித்ததாக' அவர் பெயரே இதற்கு வைக்கப்பட்டது. உண்மையில் அவருக்கு வழி காட்டியவர்கள் டாருக் மக்கள். நடந்தவர் ஒருவர், பெயர் இன்னொருவருக்கு. இந்தக் கதையை நமக்கு யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

பாதை என்பது நம் சனத்துக்கு வெறும் தார் இல்லை. ஏ9 வீதி 2002இல் திறந்தபோது அழுதவர்களும், 2006 ஆகஸ்டில் அது மறுபடி மூடப்பட்டபோது நடுவில் அகப்பட்டவர்களும் இன்று சிட்னியில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள். மூடிய பாதை எப்படியிருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத்தான் திறந்த பாதையின் அருமை தெரியும்.

அண்மையில் ஒரு குடும்பம் சொன்ன சம்பவத்திலிருந்துதான் இந்தப் பத்தியே பிறந்தது. பேரன் புதிதாகப் பச்சை பி-பிளேட் எடுத்தவன். அம்மம்மாவை முன் சீட்டில் இருத்தி, தாயும் தகப்பனும் பின்னால் இருக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை வைஸ்மன்ஸ் ஃபெரிக்குப் போயிருக்கிறார்கள். கார் படகில் ஏறி, படகு அசைந்ததும், அதுவரை பேசாமல் வந்த அம்மம்மா, "கிளாலியில இப்பிடி வெளிச்சம் இருக்கேல்ல" என்று தொடங்கினாராம். ஆனையிறவுப் பாதை அடைபட்டிருந்த 1990களின் தொடக்கத்தில், கடற்படையின் கண்ணில் படாமல் இரவில் படகேறிக் கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்தவர் அவர். எந்தப் பிள்ளையை மடியில் வைத்திருந்தார், யார் வாயைப் பொத்தினார், எந்தப் பொருளை விட்டுவிட்டு ஏறினார் என்று அக்கரை வந்தும் நிறுத்தாமல் சொல்லியிருக்கிறார். மடியில் இருந்த பிள்ளை பின் சீட்டில் இருந்த மகள்தான். அவருக்கே அன்றைக்குத்தான் தெரியுமாம்.

இரண்டு கிழமைக்குப் பிறகு பேரனுக்கு நினைவு வந்தது: டாஷ்கேமில் ஒலியும் பதியுமே! ஓடிப்போய்க் கார்டை எடுத்துப் போட்டுப் பார்த்தான். அதில் இருந்தது எம்4 நெரிசலும் ரேடியோவும். டாஷ்கேம் வேலை செய்கிற முறை அப்படி. கார்டு நிறைந்ததும் பழையதன் மேலேயே புதியதை எழுதிக்கொண்டு போகும். சாதாரண 32 ஜிபி கார்டில் சில மணி நேர ஓட்டம்தான் நிற்கும். ஒரு குலுக்கல், ஒரு மோதல் என்றால் மட்டும் அதன் உணரி அந்தத் துண்டைப் பூட்டிப் பத்திரப்படுத்தும். அந்தக் காரின் கார்டிலும் ஒரு துண்டு பூட்டிக் கிடந்தது. ஷொப்பிங் சென்டரில் வேகத்தடையில் கார் துள்ளிய காட்சி அது.

அம்மம்மாவிடம் மறுபடி கேட்டார்கள். "அதெல்லாம் இப்ப என்னத்துக்கு ராசா" என்று எழும்பிப் போய்விட்டார்.

கமராவைக் குறை சொல்லிப் பயனில்லை. அதற்கு அடிபாடு மட்டும்தான் முக்கியம் என்று சொல்லிச் செய்திருக்கிறார்கள். எது முக்கியம் என்று நாம் சொல்லவில்லை. நம் வட்சப் குழுக்களைப் பாருங்கள். அங்கே சுற்றுகிற டாஷ்கேம் காட்சிகளில் பெரும்பாலானவை யாரோ ஒருவரின் விபத்து, யாரோ ஒருவரின் நம்பர் பிளேட், கீழே 'பிழை யாரில்?' என்று ஒரு பட்டிமன்றம். அடிபட்டவருக்கும் ஒரு குடும்பம் இருக்கிறது. பொலிசுக்கும் காப்புறுதிக்கும் போக வேண்டியதை ஊருக்கே அனுப்புவதில் என்ன கெட்டித்தனம்?

பயணம் போகச் சொல்கிறபோது ஆபத்தையும் சொல்லாமல் விட முடியாது. நியூ சவுத் வேல்ஸ் மக்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான் நகரங்களுக்கு வெளியே வாழ்கிறார்கள். ஆனால் வீதி மரணங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கிராமத்துச் சாலைகளில் நடக்கின்றன. நடுவில் தடுப்பு இல்லாத இருவழிப் பாதை, எதிரே 100இல் வரும் லொறி, வளைவில் சரளைக் கல், அந்தி சாயும்போது குறுக்கே பாயும் கங்காரு. டாஷ்கேம் இதில் எதையும் தடுக்காது. நடந்த பிறகு யார் பிழை என்று சொல்லும், அவ்வளவுதான்.

ஆகவே சில விஷயங்களைப் பெற்றோர் மனதில் வைக்க வேண்டும். 25 வயதுக்குக் குறைந்த எல்-பிளேட் பிள்ளைகள் 120 மணி நேரம் ஓடிக் காட்ட வேண்டும், அதில் 20 இரவில். அந்த 120ஐயும் வெஸ்ட்மீட் ஸ்டேஷனையும் பரமட்டாவையும் சுற்றியே முடித்துவிட்டு, லைசன்ஸ் கிடைத்த அடுத்த கிழமை நண்பர்களோடு புட்டி ரோட்டுக்கு அனுப்புவது எந்த விதத்தில் நியாயம்? நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே மலைப்பாதையும் மழையும் அந்தி நேரமும் பழக்குங்கள். சிவப்புப் பி-பிளேட்டுக்கு உச்ச வேகம் 90, பலகையில் 100 என்று இருந்தாலும். சிவப்பானாலும் பச்சையானாலும் பி-பிளேட்காரர் ஓடும்போது ஃபோனில் வழி பார்ப்பதற்கும் அனுமதியில்லை. அதனால் வழி சொல்லும் வேலை பக்கத்தில் இருப்பவருடையது. வின்ட்சரிலிருந்து சிங்கிள்டன் போகிற புட்டி ரோட்டில் நெடுந்தூரத்துக்கு ஃபோன் சிக்னல் வராது. பெற்றோலை முன்னதாகவே அடித்துக்கொண்டு, எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். மிருகம் குறுக்கிட்டால் ஸ்டியரிங்கை வெட்டாமல் பிரேக்கைப் பிடிக்க வேண்டும். கங்காருவுக்கு விலத்தப் போய் மரத்தில் மோதுவதுதான் உயிரை எடுக்கிறது. 2019 கோடைத் தீயில் பெல்ஸ் லைன் பக்கமும், 2021, 2022 வெள்ளங்களில் ஹாக்ஸ்பெரிக் கரையும் பட்ட பாட்டை மறக்காமல், புறப்பட முன் வீதி திறந்திருக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம்.

கமராவுக்கும் சட்டம் உண்டு. ஓட்டுபவரின் பார்வையை மறைக்கிற இடத்தில் அதை ஒட்டக்கூடாது. காருக்குள் நடக்கும் தனிப்பட்ட பேச்சை, பேசுகிறவர்களுக்குத் தெரியாமலும் அவர்கள் சம்மதமில்லாமலும் பதிவதை இந்த மாநிலத்தின் 2007ஆம் ஆண்டுக் கண்காணிப்புக் கருவிகள் சட்டம் குற்றமாகப் பார்க்கிறது. ஒன்றில் மைக்கை அணைத்து விடுங்கள், அல்லது ஏறும்போதே "அம்மம்மா, இதில குரல் பதியும், பரவாயில்லையோ?" என்று கேளுங்கள். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. ஒருகாலத்தில் சோதனைச் சாவடிகளில் ஒவ்வொரு கேள்விக்கும் பயந்து பயந்து பதில் சொன்ன தலைமுறை அது. தன் பேச்சை யார், எதற்காகப் பதிகிறார்கள் என்று அறிய வேறு எவரையும் விட அவர்களுக்கு உரிமை உண்டு. வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

சரி என்றால், வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டியது ஐந்து நிமிட வேலை. அன்றிரவே கார்டைக் கழற்றி, அந்தத் துண்டை மட்டும் கணினியில் போட்டு, திகதியும் இடமும் எழுதி வையுங்கள். ஊரில் எந்த ஒழுங்கை, எந்த ஆண்டு, கூட வந்தவர் யார் என்று அடுத்த நாளே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கார் ஒரு விசித்திரமான இடம். முகம் பார்க்கத் தேவையில்லை, எழும்பிப் போகவும் முடியாது. சாப்பாட்டு மேசையில் கேட்டால் வராத கதை, ஜன்னலுக்கு வெளியே ஒரு மாட்டுப் பட்டியையோ ஒரு படகையோ கண்டவுடன் தானாக வரும். எம்4இல் அப்படி எதுவும் கண்ணில் படாது, அங்கே இருப்பதெல்லாம் சத்தத் தடுப்புச் சுவர்தான்.

அந்தப் பேரன் இப்போதும் மாதம் ஒருமுறை அம்மம்மாவை ஏற்றிக்கொண்டு ஏதாவது ஒரு கிராமத்துப் பாதையில் போகிறானாம். கிளாலிக் கதை இன்னும் திரும்பி வரவில்லை. போன முறை பில்பினில் ஆப்பிள் மரங்களைப் பார்த்துவிட்டு, தெல்லிப்பழையில் தங்கள் வீட்டு மாமரத்தில் எத்தனை குரங்கு மாங்காய்க் கதைகள் இருந்தன என்று சொல்லத் தொடங்கினாராம். கேட்டுத்தான் பதிந்தார்கள். அது பத்திரமாக இருக்கிறது.