மீந்த மாத்திரை கன்றுக்கு மருந்தல்ல



நேற்று செம்மேட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, என்னிடம் நாலாம் வகுப்பு படித்தவன் ஒருவன் வந்தான். "சார், கன்னுக்குட்டி கழிஞ்சுது. வீட்டுல மீந்த ஆன்டிபயாடிக் மாத்திரையில பாதியத் தூளாக்கிக் குடுத்துட்டேன்" என்றான் பெருமையாக. நாலு பேர் முன்னால் திட்டிவிட்டேன். காரணம் உண்டு. மூன்று வருடம் முன்பு நானும் இதையேதான் செய்தேன். பன்னிரண்டு நாள் கன்று. மூன்றாம் நாள் செத்துப்போனது. "உடம்புத் தண்ணீர் வற்றிச் செத்திருக்கு சார். முதலில் தண்ணீர் அல்லவா கொடுத்திருக்கணும்!" என்றார் மருத்துவர்.

கழிச்சல் வைரஸாலும் வரும், புழுவாலும் வரும், பால் அதிகமானாலும் வரும். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவை மட்டும்தான் கொல்லும். குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவையும் சேர்த்துக் கொல்லும். குதிரைக்குட்டிக்குக் கொடுக்கும் எரித்ரோமைசின் கொஞ்சம் தாய்க்குதிரை வயிற்றுக்குள் போனாலே தாய்க்குக் கடுமையான கழிச்சல் வரும். குட்டிக்கு மருந்தாவது தாய்க்கு நஞ்சாகிறது. மனுஷ மாத்திரையைக் கண்ணளவில் உடைத்துக் கன்றுக்குக் கொடுக்க நாம் யார்?

அரைகுறை அளவில் கொடுத்தால் கிருமி சாகாமல் பழகிக்கொள்ளும் என்று பெனிசிலின் கண்ட ஃபிளெமிங் 1945-லேயே நோபல் மேடையில் எச்சரித்தார். கோலிஸ்டின் என்பது மனிதருக்குக் கடைசிக் கைவசம் வைத்திருக்கும் மருந்து. அதைக் கோழி உள்ளிட்ட உணவுப் பிராணிகளுக்குக் கொடுக்க மத்திய அரசு 2019 ஜூலையில் தடை போட்டது. கீழே நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்கும் அந்தத் தடை பொருந்தும். நம் கொட்டகைக்கு மட்டும் தனிச் சட்டமா? கன்றின் சாணத்தில் பழகிய கிருமி, நாளை பேரப்பிள்ளை வயிற்றுக்கு வராதா?

"70 கொண்டை ஊசி வளைவு ஏறி எந்த டாக்டர் சார் வருவார்?" என்பீர்கள். நியாயமான கேள்விதான். அதற்காகத்தான் சொல்கிறேன், டாக்டர் வரும்வரை உயிரைப் பிடித்துவைப்பது தண்ணீர்தான், மாத்திரை அல்ல. குளுக்கோஸ் சேர்ந்த உப்புக்கரைசல் பொட்டலத்தைக் கரைத்து அடிக்கடி கொடுங்கள். வீட்டுச் சர்க்கரை வேண்டாம், இளங்கன்றுக்குச் செரிக்காது. பாலை நிறுத்தாதீர்கள். 1962-க்குப் போன் போடுங்கள். காய்ச்சலோ, சாணத்தில் ரத்தமோ, எழ முடியாத சோர்வோ இருந்தால் ஆன்டிபயாடிக் தேவைப்படலாம். எது, எவ்வளவு, எத்தனை நாள் என்பதை மருத்துவர் சொல்லட்டும். அடுத்த கன்று பிறந்ததும் சில மணி நேரத்துக்குள் சீம்பால் வயிறாரக் குடிக்கட்டும்.

வாழவந்தி நாட்டில் மாடு வைத்திருக்கும் எல்லோருக்கும் இதை அனுப்புங்கள். நேற்று திட்டு வாங்கிய தம்பி, கன்று எப்படி இருக்கிறது என்று எனக்குப் போன் பண்ணு.