சொல்லும் சோதனையும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய நம் ஊர்களின் தொழிற்கூடங்களில் காலணிப் பெட்டிகளை அடுக்குவோர் எண்களின் இயல்பைக் கைப்பழக்கத்தால் அறிவர். 24 பெட்டிகளை நான்கு வரிசைகளில் ஆறாறாகவும், மூன்று வரிசைகளில் எட்டெட்டாகவும் அடுக்கலாம். 23 பெட்டிகளையோ ஒரே நெடுவரிசையாக அன்றிச் சம வரிசைகளாக அடுக்க இயலாது. ஒன்றாலும் தன்னாலும் அன்றிப் பிறிதொன்றால் வகுபடாத இத்தகைய எண்ணையே நம் பிள்ளைகள் பள்ளியில் ‘பகா எண்’ என்று படிக்கின்றனர்.

சிறிய எண்ணாயின் வகுத்துப் பார்த்துச் சொல்லிவிடலாம். இருபது இலக்கங்களைத் தாண்டிய எண்ணாயின் எங்ஙனம் அறிவது?

இவ்வினாவில் மனத்தைச் செலுத்தியவருள் ஒருவர் மரேன் மெர்சேன் (1588–1648) என்னும் பிரெஞ்சுத் துறவி. பவோலா நகர்ப் புனித பிரான்சிஸ் நிறுவிய மினிம் சபையைச் சேர்ந்தவர். ஐந்து இரண்டுகளைப் பெருக்கினால் 32. ஒன்றைக் கழித்தால் 31, பகா எண். ஏழு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 127, அதுவும் பகா எண். பதினொரு இரண்டுகளில் வருவதோ 2047. அது 23-ஐ 89-ஆல் பெருக்கினால் கிடைப்பது. இவ்வகையில் எவையெவை பகா எண் தரும் என்று, 257 இரண்டுகள் வரைக்கும், 1644-இல் அவர் ஒரு பட்டியல் வெளியிட்டார். அதில் 67 இடம்பெற்றிருந்தது.

அச்சொல் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் மறுக்கப்படாமல் நின்றது. 1876-இல் எதுவார் லூக்கா என்னும் பிரெஞ்சு அறிஞர் அது பகா எண் அன்று என்று நிறுவினார். ஆயினும் அதனை வகுக்கும் எண்கள் எவை என்பது புலப்படவில்லை. 1903-இல் அமெரிக்கரான பிராங்க் நெல்சன் கோல் அவற்றைக் கண்டறிந்தார். 19,37,07,721-ஐ 7,61,83,82,57,287-ஆல் பெருக்கினால் அந்த 21 இலக்க எண் வந்துவிடும். இதற்கென மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகளை அவர் செலவிட்டதாகக் கூறுவர். மெர்சேனின் பட்டியலில் 257-உம் பிழை எனவும், 61, 89, 107 ஆகியவை விடுபட்டன எனவும் பின்னர்த் தெளிவாயிற்று. எனினும் அவர் காட்டிய வழி வீண்போகவில்லை. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட, அதுவரை அறியப்பட்டவற்றுள் மிகப் பெரிய பகா எண்ணும் இவ்வகையினதே. அதன் இலக்கங்கள் 4,10,24,320.

எந்த எண்ணையும் பகா எண்ணா அன்றா என்று ஐயமறச் சோதிக்கும் விரைவான வழியை, 2002-இல் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் மணீந்திர அகர்வாலும் அவர்தம் இளம் மாணவர்களான நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகியோரும் உலகிற்கு அளித்தனர்.

இவற்றால் நமக்கென்ன என்பீர்களோ? இரு பெரும் பகா எண்களைப் பெருக்குவது எளிது. பெருக்கியதைப் பிரிப்பது அரிது. வங்கிச் செய்திகளைக் காக்கும் மறைபூட்டுகளுள் சில இவ்வுண்மையையே நம்பி நிற்கின்றன. கூலியை வங்கிக் கணக்கில் பெறும் நம் குடும்பங்களுக்கும் இது தொலைவான செய்தி அன்று.

சான்றோர் ஒருவர் சொன்னதாலேயே ஓர் எண் பகா எண் ஆகிவிடாது; அவரது சொல்லைச் சோதிப்பது அவரை இகழ்வதும் ஆகாது. ஆகவே, கணக்குப் பாடத்தில் நம் மகனோ மகளோ ‘இது ஏன்?’ என்று கேட்டால், ‘சொன்னதை எழுது’ என்று வாயடைக்காதிருப்போம். இன்றிரவே தாளும் பென்சிலும் தந்து, 2047-ஐ 23-ஆல் வகுத்துப் பார்க்கச் சொல்வோம்.