வெற்று வரிகளுக்கு யார் பொறுப்பு?



"கணினியில் தமிழ் எங்கே ஐயா இருக்கிறது? திறந்தால் எல்லாம் ஆங்கிலம்தானே!" பாசிர் கூடாங் வட்டாரத்தில் பெற்றோர் பலர் என்னிடம் சொல்வது இது. இதில் பாதி உண்மை. மறுபாதியைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரலாம். வரட்டும்!

ஒரு மென்பொருள் திரையில் ஒரு சொல்லைக் காட்டுமுன் என்ன செய்கிறது? கட்டற்ற மென்பொருள்கள் பலவற்றில் 'குனூ கெட்டெக்ஸ்ட்' என்னும் கருவி உள்ளது. 1990களிலிருந்தே புழக்கத்தில் இருப்பது. நிரலாசிரியர் ஆங்கிலத்தில் எழுதிய தொடர்கள் யாவும் ஒரு பட்டியலாகத் திரட்டப்படும். மேல் வரியில் ஆங்கிலத் தொடர். கீழ் வரியில் இரண்டு மேற்கோள்குறிகள், நடுவே ஒன்றுமில்லை. அங்கேதான் தமிழை எழுத வேண்டும். கணினியின் மொழி தமிழ் என்று அமைந்திருந்தால், மென்பொருள் ஒவ்வொரு தொடருக்கும் முதலில் தமிழைத்தான் தேடுகிறது. கிடைத்தால் தமிழைக் காட்டும். வரி வெறுமையாக இருந்தால், ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஆங்கிலத்தையே காட்டிவிடும்.

புரிகிறதா? இயந்திரம் தமிழைக் கேட்கிறது. பதில் சொல்ல வேண்டிய நாம்தான் வாய்மூடி இருக்கிறோம்.

எழுதிய தமிழையாவது பயன்படுத்துகிறோமா? 2002இல் வெளிவந்த 'டக்ஸ் பெயின்ட்' சிறுவர்களுக்கான ஓவிய மென்பொருள். விலை கிடையாது. அதன் மொழிப் பட்டியலில் தமிழும் இருக்கிறது. நம் வீடுகளில் எத்தனை பேர் அதைத் தமிழில் திறந்து பிள்ளைகளிடம் கொடுத்திருக்கிறோம்?

2003இல் தமிழ்ப்பள்ளிகளிலும் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாறியபோது, "தாய்மொழியில்தான் பிள்ளைக்கு விளங்கும்" என்று வாதிட்டோம். அக்கொள்கையைக் கைவிட 2009இல் அரசு முடிவெடுத்தபோது மகிழ்ந்தோம். அன்று பாடநூலுக்குச் சொன்ன நியாயம் இன்று கணினித் திரைக்குப் பொருந்தாதா?

"கணினித் தமிழ் புரியவில்லையே, அதற்கு ஆங்கிலமே மேல்" என்பது அடுத்த வாதம். இதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். சில மொழிபெயர்ப்புகள் புரியாமல் இருப்பது உண்மையே. காரணம் என்ன? மொழிபெயர்ப்பவர் முன் 'ஓபன்' என்று ஒற்றைச் சொல் வந்து நிற்கும். 'திற' என்னும் கட்டளையா, 'திறந்துள்ளது' என்னும் நிலையா? சூழலைக் குறித்துவைக்கக் கருவியில் வழியுண்டு. நிரலாசிரியர் குறிக்காவிட்டால் ஊகம்தான். இன்னொன்று, 'டெலிட்' என்ற சொல்லுக்குப் பின் கோப்பின் பெயரை ஒட்டவைத்து வாக்கியம் அமைப்பார்கள். தமிழிலோ பெயருக்கு 'ஐ' உருபு வேண்டும். வினை கடைசியில் வர வேண்டும். முழு வாக்கியமாகத் தந்தால் சொற்களை இடம் மாற்றிக்கொள்ளலாம். துண்டு துண்டாகத் தந்தால் துண்டுத் தமிழ்தான் வரும். குறை தமிழில் இல்லை, அவசரத்தில் இருக்கிறது.

முதலாம் ஆண்டு மாணவனுக்கு எந்தத் தமிழ் புரியும் என்பதை யார் அறிவார்? அன்றாடம் அவன் முன் நிற்கும் ஆசிரியர் அல்லவா? அந்தப் பட்டியலை ஆசிரியர்கள் திரும்பியும் பார்க்காமல், "தமிழ் கடினம்" என்று தீர்ப்பு மட்டும் வழங்குவது என்ன முறை?

ஒருமுறை எழுதிவிட்டு ஓய்வதற்கும் வழியில்லை. அடுத்த பதிப்பில் ஆங்கிலத் தொடர் சற்றே மாறினாலும், பழைய தமிழ் 'ஐயத்துக்குரியது' என்று குறிக்கப்படலாம். யாராவது சரிபார்க்கும்வரை பொதுவாக அது திரைக்கு வராது. கவனிப்பாரற்ற தமிழ், பதிப்புக்குப் பதிப்பு பின்வாங்கும்.

செய்ய வேண்டியவை மூன்று:

1. பெற்றோர்களே, வீட்டுக் கணினியின் மொழியைத் தமிழாக்குங்கள். லினக்ஸில் 'முதலில் தமிழ், அடுத்து மலாய்' என்று வரிசைப்படுத்தவும் இயலும். தமிழ் இல்லாத இடத்தில் மலாய் இருந்தால் அது தோன்றும். இரண்டும் இல்லையென்றால்தான் ஆங்கிலம். "வேலைக்கு ஆங்கிலம் வேண்டுமே" என்று அஞ்சாதீர்கள். அதற்குப் பாடவேளை இருக்கிறது.

2. ஆசிரியர்களே, வாரம் பத்து வரிகளை நிரப்புங்கள். நிரப்பியதை மாணவர்களிடம் படித்துக் காட்டுங்கள். அவர்கள் விழித்தால், சொல்லை மாற்றுங்கள்.

3. ஆசிரியர் பயிற்சிக் கழகங்கள் இதைப் பயிற்சி மாணவர்களின் இடுபணியாக்க வேண்டும். நாங்கள் பயின்ற காலத்தில் மணிலா அட்டையை வெட்டி ஒட்டிப் பாடத்துணைப்பொருள் செய்தோம். அது ஒரு வகுப்புக்கு உதவியது. ஒரு மென்பொருளின் தமிழ்ப் பட்டியலோ உலகில் தமிழ் படிக்கும் குழந்தைகள் எல்லாருக்கும் உதவும்.

கணினியில் தமிழைத் தட்டெழுத 'முரசு அஞ்சல்' தந்த முத்து நெடுமாறன் மலேசியர்தான். மற்றவர் செய்யட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. நாம் மட்டும் சென்னை செய்யும், சிங்கப்பூர் செய்யும் என்று எத்தனை காலம் காத்திருப்பது?

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். மறுப்பு இருந்தால் எழுதுங்கள். விடை தரக் காத்திருக்கிறேன்.