கர்ப்பப்பைப் புற்றும் கர்மபலனும்

சென்ற மாதம் கெலவரப்பள்ளி அணையை ஒட்டிய ஒரு சிற்றூரில் நாம் பேசி முடித்தபின், கூட்டம் கலையும்வரை ஒதுங்கி நின்றிருந்த ஒரு தோழர் நம்மிடம் வந்தார். ஓசூர் சிப்காட்டில் வேலை பார்ப்பவர். தம் தாயாருக்கு மாதவிடாய் நின்று ஆறு வருஷமான பின் மறுபடியும் உதிரம் படுகிறதென்றும், எட்டு மாதம் அந்த அம்மாள் யாரிடமும் வாய் திறக்கவில்லையென்றும், தெரிந்தபின் வீட்டார் குறி கேட்கப் போய், பூர்வஜென்ம பாவமென்று சொல்லக் கேட்டு, பரிகாரத்துக்கு ஒன்பதினாயிரம் ரூபாய் அழுதுவிட்டு வந்தார்களென்றும் சொன்னார். "ஐயா, இதை வெளியில் சொல்ல வெட்கமாயிருக்கிறது" என்று இரண்டு தடவை சொன்னார். குறிகாரனிடம் சொல்ல இல்லாத வெட்கம் டாக்டரிடம் சொல்ல மட்டும் எங்கிருந்து வந்தது என்று கேட்டோம். பதில் இல்லை.

இந்த வெட்கத்தைப் பற்றித்தான் இவ்வாரம் எழுதுகின்றோம். ஏனெனில் கர்ப்பப்பை வாய்ப் புற்றைப்போல் அவகாசம் கொடுத்து வரும் வியாதி வேறு அதிகமில்லை. பாப்பிலோமா என்னும் வைரஸ் கிருமியே இதற்கு மூலமென்று காட்டியவர் ஜெர்மானியரான ஹரால்டு சூர் ஹவுசன். அதற்காக 2008-இல் நோபல் பரிசு பெற்றார். இக்கிருமி ஆண் பெண் சேர்க்கையால் பரவுவது. இதைக் கேட்டவுடனே நமது ஆண் சிங்கங்கள் "அவள் நடத்தை எப்படியோ" என்று ஆரம்பித்துவிடுவார்கள். ஒரே புருஷனோடு வாழ்ந்தவளுக்கும் அந்தப் புருஷன் மூலமாகவே இது வரும் என்பதை அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஆண்களிலும் பெண்களிலும் அநேகருக்கு இது வந்து தானாகவே போய்விடுகிறது. சிலருக்கு மட்டும் தங்கி, பத்துப் பதினைந்து வருஷம் கழித்துப் புற்றாக முற்றுகிறது. பூர்வஜென்மத்துக்கு இதில் என்ன வேலை என்பது நமக்கு விளங்கவில்லை.

அந்தப் பத்துப் பதினைந்து வருஷத்துக்குள் அதைக் கண்டுபிடிக்கப் பெரிய யந்திரம் வேண்டுமோ என்றால், வேண்டாம். வினிகர் என்கிற காடியிலுள்ள அமிலத்தை நீரில் கலந்து கர்ப்பப்பை வாயில் தடவினால், கெட்டுவரும் இடம் ஒரு நிமிஷத்தில் வெளுத்துத் தெரியும். நல்ல வெளிச்சமும் பழகிய நர்சும் போதும். இதைத் திண்டுக்கல் ஜில்லாக் கிராமங்களிலேயே பரீட்சித்துப் பார்த்திருக்கிறார்கள். 30 முதல் 59 வயதுவரையுள்ள 49,311 பெண்களை அழைத்ததில் 31,343 பேர் வந்தார்கள். வராதவர்களையும் சேர்த்துக் கணக்கிட்டபோதே, அழைக்கப்படாத கிராமங்களைவிட இந்நோயால் சாவு நூற்றுக்கு 35 பங்கு குறைந்திருந்ததாக 2007-இல் வெளியிட்டார்கள். எல்லோரும் வந்திருந்தால்? இன்று இச்சோதனை நமது ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயதான பெண்களுக்கு இனாமாகச் செய்யப்படுகிறது. வெளுத்த இடத்தைக் குளிரால் உறையவைத்தோ, கம்பியால் சுரண்டியோ எடுத்துவிடலாம், கர்ப்பப்பையையே எடுக்கவேண்டியதில்லை.

புற்றாகவே ஆகிவிட்டாலும் கதை முடிந்துவிடவில்லை. ஆரம்பமானால் சத்திரசிகிச்சை. சற்றுப் பரவியிருந்தால் வெளியிலிருந்தும் உள்ளிருந்தும் கதிர்வைத்தியம், கூடவே வாரம் ஒருமுறை மருந்து. இவை யாவும் எட்டு வாரத்துக்குள் முடியவேண்டும். இங்கேதான் நம்மவர் பெரிய தப்புச் செய்கின்றனர். பாதியில் உதிரம் நின்றதும் குணமாகிவிட்டதென்று மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். உதிரம் நிற்பது வேறு, புற்று சாவது வேறு.

கர்ப்பப்பையின் உட்புறத்துப் புற்று, மாதவிடாய் நின்ற பின் உதிரமாய்த் தானே வந்து சொல்லிவிடும். அப்போதே போனால் பெரும்பாலும் ஆப்பரேஷனோடு தீரும். சூலகப் புற்றோ அப்படிச் சொல்லாது. வயிறு உப்புசமும் பசியின்மையும் வாரக்கணக்கில் விடாமலிருந்தால் வாயுவென்று கஷாயம் குடித்துக்கொண்டிராமல் ஸ்கேன் பார்க்க வேண்டும்.

பணத்துக்கு எங்கே போவதென்பார்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஏழைக் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம்வரை உண்டு. நமக்கு நாற்பது மைலுக்குள் பெங்களூரில் கித்வாய் ஆஸ்பத்திரி இருக்கிறது. சென்னை அடையாற்றிலோ, தம் தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954-இல் 12 படுக்கைகளோடு துவக்கிய நிலையம் இருக்கிறது. அந்த அம்மையார் அன்று தலைவிதியென்று அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தால் அது ஏது? குணமாக்க முடியாத நிலையிலும் வலியோடு சாகவேண்டுமென்பதில்லை; அதற்கு மார்பின் உண்டு. வீட்டுக்கே வந்து நோவாற்றிப் பராமரிப்பதும் சேர்ந்த "மக்களைத் தேடி மருத்துவம்" 2021 ஆகஸ்டில் துவக்கப்பட்டதே நமது ஜில்லாச் சாமனப்பள்ளியில்தான்.

இனிப் பெண் குழந்தைகள் விஷயம். 14 வயதுப் பெண்களுக்கு இக்கிருமித் தடுப்பூசி போட 36 கோடி ரூபாய் என்று 2025-ஆம் வருஷத்து வரவு செலவுத் திட்டத்தில் தமிழ்நாட்டுச் சர்க்கார் அறிவித்தது. ஊசி போட்டால் பிள்ளை பிறக்காதென்று ஒரு வதந்தி உலவுகிறது, அது பொய். அந்த வயதிலேயே பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடும் வழக்கம் நமது மலைக் கிராமங்களில் இன்னும் ஒழியவில்லை. ஊசியைவிடக் கர்ப்பப்பைக்குக் கெடுதல் அந்தக் கலியாணமே.

நிற்க. மேற்சொன்ன தோழர் மறுநாளே தாயாரை அழைத்துப் போனார். கர்ப்பப்பை வாயில் புற்றுத்தான், சற்றுப் பரவியிருக்கிறது, கதிர்வைத்தியம் செய்யலாமென்று சொல்லியிருக்கிறார்கள். எட்டு வாரம் வீட்டில் யார் சோறாக்குவது, மாட்டுக்கு யார் தண்ணீர் காட்டுவது என்பதுதான் தகப்பனார் கேட்ட முதல் கேள்வியாம். மகன் சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டு, "நீங்கள்தான்" என்று சொல்லிவிட்டுத் தாயாரோடு பஸ் ஏறிவிட்டார். இது மூன்றாவது வாரம்.