படகை ஓட்டுவது கையா, இடுப்பா?

2004-ம் ஆண்டு ஏதென்ஸ் நகரில் ஒலிம்பிக் போட்டி நடந்தது. நான்கு பேர் ஓட்டும் கயாக் படகுப் பந்தயத்தில் ஜெர்மனிப் பெண்கள் தங்கம் வென்றார்கள். அந்த நால்வரில் ஒருவருக்கு வயது 42!

அவர் பெயர் பிர்கிட் ஃபிஷர். 1980-ல் மாஸ்கோவில் முதல் தங்கம் வாங்கியபோது அவருக்கு வயது 18. மொத்தம் 8 தங்கம் வென்றவர்.

சுவீடன் நாட்டு கெர்ட் ஃப்ரெட்ரிக்சனும் அப்படித்தான். 1960-ல் ரோமில் அவர் ஆறாவது தங்கம் வென்றபோது வயது 40.

கைப்பலம்தான் எல்லாம் என்றால், இந்த வயதில் இது நடக்குமா?

கயாக் என்பது ஒடுக்கமான படகு. பனிநாட்டு இனுயிட் மக்கள் வேட்டைக்காகச் செய்தது. காலை நீட்டி உட்கார வேண்டும். துடுப்பின் இரண்டு முனையிலும் பலகை இருக்கும். இடமும் வலமும் மாறி மாறிப் போட வேண்டும்.

புதிதாக ஏறுகிறவர் என்ன செய்கிறார்? முழங்கையை மடக்கி மடக்கி இழுக்கிறார். சிறிது நேரத்தில் கை கடுக்கிறது. கரையில் நிற்கும் ஆசிரியரோ, "இன்னும் பலமாக இழு!" என்று கத்துகிறார். "நமக்குப் பலம் போதாது" என்று பையன் படகையே விட்டுவிடுகிறான்.

பாவம், அவனிடம் பலம் இருக்கிறது. அது இடுப்பிலும் முதுகிலும் இருக்கிறது. அதை யாரும் சொல்லவில்லை!

கிணற்றில் தண்ணீர் இறைக்கும் பெண்ணைப் பாருங்கள். கையால் மட்டுமா இழுக்கிறாள்? உடம்பே சேர்ந்து இழுக்கிறது.

கயாக்கிலும் அதே கதைதான். நிமிர்ந்து உட்கார வேண்டும். வலது பக்கம் துடுப்புப் போடும்போது வலது தோள் முன்னே வர வேண்டும். கை ஏறக்குறைய நீண்டிருக்க வேண்டும். பாதத்துக்கு நேராக, படகை ஒட்டி, துடுப்புப் பலகை முழுவதும் நீரில் முழுகட்டும். அதற்கு முன் இழுத்தால் நுரைதான் வரும்!

பிறகு வலது காலால் உதைத்துக்கொண்டு, உடம்பைத் திருப்ப வேண்டும். ஆற்றில் கம்பு நட்டு, அதைப் பிடித்துப் படகை முன்னே இழுப்பது போல என்று வைத்துக்கொள்ளலாம்.

இடுப்புக்கு நேரே வந்ததும் துடுப்பை எடுத்துவிட வேண்டும். அதற்குப் பின்னும் இழுப்பவர் தண்ணீரைத்தான் மேலே தூக்குகிறார். படகின் வேகம் குறையும்.

முதல் நாளே பிள்ளைகளுக்குப் பந்தயம் வைப்பது தவறு. வேகம் வந்தால் திருத்திய பழக்கம் பறந்துவிடும். முதலில் தரையில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்து, கையில் கம்பு கொடுத்து, உடம்பைத் திருப்பப் பழக்க வேண்டும். பிறகு மெதுவாகத் தண்ணீரில் ஓட்டட்டும்.

மறுநாள் விலாவும் வயிறும் லேசாக வலிக்கிறது என்று பையன் சொன்னால், சரியாக ஓட்டியிருக்கிறான். முன்கை மட்டும் வலித்தால், மறுபடியும் பெஞ்சுக்கே போக வேண்டியதுதான்!