பெயர், தாய் பெயர், தந்தை பெயர், ஆட்நாவ்

மும்பையின் விக்ரோலியில் பிள்ளைக்குப் பெயர் தேடும் தமிழ்ப் பெற்றோர் இரண்டு பேரை மனத்தில் வைத்துத் தேட வேண்டியிருக்கிறது. ஊரில் இருக்கும் ஆச்சி வாய்நிறையக் கூப்பிட வேண்டும். இங்கே வருகைப் பதிவு எடுக்கும் டீச்சர் தடுமாறாமல் வாசிக்க வேண்டும். மும்பைத் தமிழரின் மூன்று தலைமுறைப் பெயர்கள் இந்த இருவருக்கும் நடுவில்தான் மாறிவந்திருக்கின்றன.

வேலை தேடி நெல்லைச் சீமையிலிருந்து வந்து விக்ரோலி மேடுகளில் குடிசை போட்ட முதல் தலைமுறை சுடலைமுத்து, மாடசாமி, பேச்சியம்மாள், இசக்கி என்ற பெயர்களோடு வந்தது. கொடை கொடுத்துக் கும்பிடும் சாமியின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது நேர்ச்சை. முந்திய பிள்ளைகள் தங்காத வீட்டில் பிறந்தது பிச்சை என்றோ குப்பை என்றோ அழைக்கப்பட்டது, எமன் கண்ணில் படாமல் பிழைக்கட்டும் என்று. மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர். ஆனால் மருமகள் மாமனார் பெயரை வாயால் சொல்ல மாட்டாள். அவளுக்கு அந்தப் பிள்ளை 'ஐயா', 'ராசா'. வீட்டுக்கு ஒரு பெயர், வெளிக்கு ஒரு பெயர் என்ற வழக்கம் நாம் ரயிலேறும் முன்பே நம்மிடம் இருந்தது.

1966 ஜூனில் சிவசேனா தொடங்கியது. அதன் முதல் கோபம் தென்னிந்தியர்மேல் திரும்பியது; 'மதராசி' வசைச்சொல்லானது. அந்த ஆண்டுகளிலும் அதற்கடுத்தும் இங்கே பிறந்தவர்களின் பெயர்களைப் பாருங்கள்: ரமேஷ், சுரேஷ், கணேஷ், சுனிதா, சங்கீதா. அடுத்த வீட்டு மராட்டிப் பிள்ளைக்கும் பொருந்துகிற பெயர்கள். தமிழ்நாட்டிலும் அதே காலத்தில் இவை பரவின, ஆசையால். இங்கே ஆசையோடு அச்சமும் கலந்திருந்தது. பிள்ளை தெருவில் அடி வாங்கக் கூடாது என்று நினைத்த தாய்தகப்பனைக் குறைசொல்ல எங்களுக்கு மனமில்லை.

'முத்து' மறைந்த விதம் இன்னும் வலிக்கக்கூடியது. நெல்லைப் பெயர்கள் பலவற்றுக்கு முத்துதான் வேர். இந்தி காதில் அது சிறுநீரைக் குறிக்கும் சொல்லாக விழுகிறது. 'சுடலை'யைச் சூனியக்காரியைக் குறிக்கும் 'சுடைல்' ஆக்குவதற்கு வகுப்பில் ஒரே ஒரு பையன் போதும். சாமியின் பெயரைச் சுமந்த பிள்ளை அழுதுகொண்டு வீட்டுக்கு வருகிறது. அப்படி அழுதவர்கள்தாம் இன்று பெற்றோர். தம் பிள்ளைக்கு ரித்விக் என்றோ யாஷிகா என்றோ வைக்கும் அவர்களிடம் 'தமிழ்ப் பற்று எங்கே' என்று மேடையில் கேட்பது எளிது. அந்த வகுப்பறையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கேட்க வேண்டும்.

பற்றோடு வைப்பவர்களும் உண்டு, அண்மையில் கூடிவருகிறார்கள். யாழினி, கனிமொழி, எழிலரசி. இவர்களுக்கு ழகரத் தொல்லை. ஆங்கில எழுத்தைப் பார்த்து வாசிக்கும் டீச்சர் கனிமொழியைக் 'கனிமொஜி' ஆக்குகிறார். தேவநாகரியில் ழகரத்துக்கென்றே, ளகரத்தின் அடியில் புள்ளி வைத்த எழுத்து ஒன்று இருக்கிறது. நாங்கள் பார்த்த எந்தச் சான்றிதழிலும் அது இல்லை. பெற்றோர் கேட்டு வாங்க வேண்டிய எழுத்து அது.

பெயரால் புண்பட்ட பிள்ளைகளுக்கு விழா எடுத்துப் பெயர் மாற்றிய மாநிலமும் இந்த மகாராஷ்டிரமே. 2011 அக்டோபரில் சாத்தாரா மாவட்டத்தில் 'நகூஷி', அதாவது வேண்டாதவள், என்று பெயரிடப்பட்டிருந்த 285 சிறுமிகள் புதுப்பெயர் பெற்றார்கள். நம் பக்கத்து 'வேண்டாம்', 'போதும்பொண்ணு' ஆகியோருக்கு அவர்கள் உடன்பிறந்தவர்கள். படிவத்தின் முதல் கட்டத்துப் பெயரைப் பற்றி இப்படி அரசும் யோசிக்கிறது, குடும்பமும் யோசிக்கிறது. கடைசிக் கட்டத்தை யாரும் யோசிப்பதில்லை.

"ஆட்நாவ் காய்?" குடும்பப் பெயர் என்ன என்று மராட்டியில் பள்ளியில், ரேஷன் கடையில், வங்கியில் கேட்கப்படும் கேள்வி. முன்னெழுத்தோடு வந்த நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. கட்டத்தைக் காலியாக விட்டால் படிவம் திரும்பி வரும். சிலர் அப்பா பெயரைப் போட்டார்கள். பலர் நாடார், தேவர், முதலியார், பிள்ளை, கவுண்டர் என்று எழுதினார்கள். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெயரிலிருந்து சாதிப் பட்டத்தை நீக்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. தலைமை வகித்தவர் நாடார் சமூகத்தில் பிறந்த ஊ.பு.அ. சௌந்தரபாண்டியன். தமிழ்நாட்டில் இரண்டு தலைமுறையில் பெரும்பாலும் உதிர்ந்துபோன அந்த வால், மும்பையில் படிவத்தின் வழியாக மறுபடி முளைத்து, பேரப் பிள்ளைகளின் ஆதாரில் ஏறியிருக்கிறது.

'நாடார்' என்ற பெயரை அரசு ஏற்றது 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான். அதற்கு முன்னால் இழிவுக்கு எதிராக ஒரு மக்கள் நடத்திய நீண்ட போராட்டம் இருக்கிறது. அந்தப் பெருமிதம் எங்களுக்குப் புரிகிறது. ஆனால் அதே வரிசையில், அதே படிவத்தோடு நிற்கும் ஆதிதிராவிடக் குடும்பத்தை நினையுங்கள். எல்லாரும் சாதியை எழுதும்போது, அப்பா பெயரை மட்டும் எழுதுகிறவர் ஏன் எழுதவில்லை என்பதும் ஒரு விசாரணையாகிவிடுகிறது. எல்லாரும் அப்பா பெயரையோ ஊர்ப் பெயரையோ எழுதினால் அந்த விசாரணைக்கு இடமே இராது. ஊர்ப் பெயர் இந்த மண்ணின் வழக்கம்தான். சக்பால் குடும்பத்தில் பிறந்த பீம்ராவுக்கு அம்பேத்கர் என்ற பெயர் ரத்னகிரிப் பக்கத்து அம்படவே என்ற ஊரின் வழியாக வந்தது. நாமும் ஊரின் முதல் எழுத்தை முன்னால் போட்டு வாழ்ந்தவர்கள்தானே.

கடைசிக் கட்டம் காலியாக இருப்பது இப்போது இன்னும் கடினம். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு வருகை விசாவில் வருவோரை ஏற்க மாட்டோம் என்றது. பாஸ்போர்ட்டின் பின்பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தியது. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே அடிப்படை. அதில் எழுதியது ஆயுளுக்கும் கூட வரும்.

ஒரு நல்ல மாற்றமும் வந்திருக்கிறது. 2024 மே 1 முதல் மகாராஷ்டிரத்தில் பிறக்கும் குழந்தையின் பெயரை அடுத்துத் தாயின் பெயர், பிறகு தந்தையின் பெயர், கடைசியில் குடும்பப் பெயர் என்று எழுத வேண்டும். பேச்சியம்மாளின் பேத்தி தன் பெயரைப் பிள்ளையின் பெயரோடு சட்டப்படி எழுதுகிறாள். முன்னெழுத்தில் தாய்க்கு இடம் கொடுக்காத நாம் இதை முழுமனதோடு வரவேற்க வேண்டும். தமிழ்நாடும் இதைச் செய்யலாம்.

விக்ரோலியில் இந்த மாதம் பிள்ளை பெற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அவசரப்பட்டு ஆஸ்பத்திரி மேசையில் வைத்துக் கடைசிக் கட்டத்தை நிரப்பாதீர்கள். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயர் முடிவாகாவிட்டால் பெயரில்லாமலே பதியலாம். பதிந்ததிலிருந்து 12 மாதம் வரை கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதன் பிறகும் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். அந்த ஓராண்டுக்குள் ஊரில் கோயில் கொடை வரும், பள்ளி விடுமுறை வரும். ஆச்சியிடம் அவள் அம்மா பெயரையும் அவள் பிறந்த ஊரின் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டு வந்து, பிறகு வார்டு அலுவலகத்துக்குப் போங்கள்.